வொர்க் பர்மிட் இருந்தால் ட்ரக் ஓட்டலாமா?

ட்ரக் ஸ்கூலில் பணம் கட்டிவிட்டு எங்களிடம் வருபவர்களே அதிகம். அமெரிக்காவில் குடியேற்ற வழக்குகளைக் கவனிக்கும் அலுவலகம் எங்களுடையது. அசைலம் (அகதித் தஞ்சம்) வழக்கு முடியாத ஈழத்தவரும் வருவார்கள், எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கும் நம்மூர்க்காரர்களும் வருவார்கள். இரு தரப்பும் நம்பியிருப்பது வொர்க் பர்மிட் அட்டையைத்தான்.

முன்பு அது போதும். அதைக் காட்டினால் பல மாநிலங்கள் 'நான்-டொமிசைல்டு' (நிரந்தரக் குடியிருப்பு இல்லாதவர்) என்று அச்சிட்ட சிடிஎல், அதாவது கனரக வணிக வாகன ஓட்டுநர் உரிமம், கொடுத்தன. 2025 செப்டம்பரில் மத்திய போக்குவரத்துத் துறை அதை நிறுத்தியது; நவம்பரில் நீதிமன்றம் அந்த விதிக்குத் தடை போட்டது; 2026 பிப்ரவரியில் இறுதி விதியாக மறுபடி வந்து, மார்ச் 16 முதல் நடைமுறைக்கு வந்தது.

இப்போது எச்-2ஏ (தற்காலிக விவசாய வேலை), எச்-2பி (விவசாயம் அல்லாத தற்காலிக வேலை), ஈ-2 (முதலீட்டாளர்) என மூன்றே விசாக்களுக்குத்தான் இந்த உரிமம். செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும், அமெரிக்காவுக்குள் நுழைந்ததைப் பதிவு செய்யும் ஐ-94 படிவமும் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்து ஈ-2 முதலீட்டாளர் விசா வாங்க முடியாது; இலங்கைக் குடிமக்களுக்கு அது உண்டு. ஆனால் வேலை தேடி வந்தவர் முதலீட்டுக்கு எங்கே போவார்?

பலரும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. அசைலம் கிடைத்தவருக்கும் இந்த விதியில் இடமில்லை. வழக்கில் ஜெயித்துவிட்டோமே என்று நேராக உரிம அலுவலகத்துக்குப் போகிறார்கள். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை பொறுக்கத்தான் வேண்டும். வந்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை, சாதாரண சிடிஎல்லுக்கே விண்ணப்பிக்கலாம். என்னைக் கேட்டால், சட்டப்படி இங்கேயே வாழலாம் என்று அரசு சொன்னவரையும் ஸ்டியரிங்கிலிருந்து இறக்குவதில் நியாயம் இல்லை. ஆனால் கவுன்டரில் இருப்பவரிடம் அதைப் பேசிப் பயனில்லை.

ஆங்கிலத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 ஜூன் 25 முதல், சாலைச் சோதனையில் அதிகாரியின் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் திணறினால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். கிரீன் கார்டு இருந்தாலும் இதே கதிதான்.

சரி, காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது? சிடிஎல் கட்டாயம் (வண்டியும் சரக்கும் சேர்த்து) 26,001 பவுண்டு எடைத்திறனில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள பாக்ஸ் ட்ரக்கைச் சாதாரண உரிமத்தில் ஓட்டலாம். அபாயகரமான சரக்கு மட்டும் ஏற்றக் கூடாது. சம்பளம் குறைவுதான். ஆனால் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டிப் பயிற்சி முடித்துவிட்டு உரிமம் கிடைக்காமல் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.