கிரிக்கெட் வாரியத்துக்கு ஆர்டிஐ மனு போட முடியுமா?

மேட்ச் டிக்கெட் எத்தனை விற்றது, எத்தனை ஓசியில் போனது? இப்படி ஒரு கேள்வியை எழுதி, 10 ரூபாய் கட்டி, மும்பையில் இருக்கும் பிசிசிஐக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அனுப்பினால் பதில் வருமா? இப்போதைக்கு வராது.

பலர் நினைப்பதுபோல் பிசிசிஐ அரசுத் துறை இல்லை. கம்பெனியும் இல்லை. 1928-ல் தொடங்கிய ஒரு சங்கம். அலுவலகம் மும்பையில் என்றாலும், பதிவு நம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில்தான். காகிதத்தில் பார்த்தால் உங்கள் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கமும் அதுவும் ஒரே ரகம். ஆனால் தெருச் சங்கம் 'இந்தியா' என்று பெயர் போட்டு அணி அனுப்புவதில்லை.

வழக்குகள் எல்லாம் இந்த முரணிலிருந்துதான் கிளம்பின. 2005-ல் ஜீ டெலிபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர், வாரியம் 'அரசு' என்ற வரையறைக்குள் வராது என்றார்கள். ஆனால் அது செய்வது பொதுப்பணி என்பதால், பாதிக்கப்பட்டவர் அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்றார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பும் இதையே சொன்னது.

ஆர்டிஐ கதை வேறு. 2018 அக்டோபரில் மத்திய தகவல் ஆணையம், பிசிசிஐயும் தகவல் தந்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. வாரியம் சென்னை உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. அப்புறம் 2025-ல் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா வந்தது. அங்கீகாரம் பெற்ற விளையாட்டு அமைப்புகள் எல்லாமே ஆர்டிஐக்குள் வரும் என்றுதான் முதலில் இருந்தது. நிறைவேறும்போது, அரசிடம் நிதியுதவி வாங்கும் அமைப்புகள் மட்டும், அதுவும் அந்தப் பணத்தைப் பற்றி மட்டும் என்று சுருங்கிவிட்டது. வாரியம் அரசு மானியம் வாங்குவதில்லை, தப்பித்தது. ஆனால் வாரியத்தின் மேட்ச்கள் நடக்கும் சென்னை சேப்பாக்கம் ஸ்டேடியம் நிற்பது குத்தகைக்கு எடுத்த அரசு நிலத்தில். உதவி என்றால் ரொக்கம் மட்டும்தானா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

சரி, என்ன செய்யலாம்? கேள்வியை அரசின் பக்கம் திருப்புங்கள். குத்தகை விவரத்துக்குத் தமிழக வருவாய்த் துறை, வாரியத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்துக்கு மத்திய விளையாட்டு அமைச்சகம். இரண்டுமே 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. 'இந்தப் பையனை ஏன் டீமில் எடுக்கவில்லை' என்பது மட்டும் அங்கேயும் செல்லாது. அவர்கள் கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்கலாம்.