செஸ்960 போட்டி விளையாட்டாக வளர்ந்த விதம்

முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1996 ஜூன் 19 அன்று அர்ஜென்டினாவின் புவனோஸ் அய்ரஸ் நகரில் ஒரு புதிய சதுரங்க முறையை அறிவித்தார். இதில் சிப்பாய்கள் வழக்கமான இடத்திலேயே நிற்கும். பின்வரிசைக் காய்களின் இடம் மட்டும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குலுக்கல் முறையில் முடிவாகும். வெள்ளைக்கு அமையும் அதே வரிசை கறுப்புக்கும் நேரெதிரே அமையும். வீட்டில் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த தொடக்க நகர்வுகளைக் கொண்டு வெற்றி பெறும் போக்கு ஃபிஷருக்குப் பிடிக்கவில்லை. முதல் நகர்விலிருந்தே இருவரும் சொந்தமாகச் சிந்திக்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

காய்களைக் கலைத்து வைத்து ஆடும் பழக்கம் ஃபிஷரின் காலத்துக்கு வெகு முன்பே சதுரங்க உலகில் இருந்தது. ஃபிஷர் அதில் இரண்டு கட்டுப்பாடுகளைச் சேர்த்தார். இரு பிஷப்புகளும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நிற்க வேண்டும். ராஜா இரு யானைகளுக்கு நடுவே எங்காவது நிற்க வேண்டும். இதைச் சாதாரணப் பகடை ஒன்றைக் கொண்டே அமைத்துப் பார்க்கலாம். வெள்ளையின் முதல் வரிசைக் கட்டங்களை இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை எழுத்துகளால் குறிப்பார்கள்; அவற்றில் கறுப்புக் கட்டங்கள் ஏ, சி, இ, ஜி ஆகிய நான்கு. பகடையில் 2 விழுந்தால் ஒரு பிஷப் சி கட்டத்துக்குப் போகும். வெள்ளைக் கட்டங்களுக்கு 4 விழுந்தால் மற்றொன்று ஹெச் கட்டத்தில் அமரும். எஞ்சிய ஆறு கட்டங்களில் ராணிக்கு 1 விழுந்தால் அது ஏ கட்டம். மிஞ்சிய ஐந்தில் குதிரைகள் இ, ஜி ஆகிய கட்டங்களைப் பிடித்தன என்று கொள்வோம். இப்போது பி, டி, எஃப் மட்டுமே காலி. ராஜா நடுவில் நிற்க வேண்டும் என்பதால் அங்கே தேர்வுக்கே இடமில்லை. பிஷப்புகளுக்கு நான்கு பெருக்கல் நான்கு, ராணிக்கு ஆறு, குதிரைகளுக்குப் பத்து என்று பெருக்கினால் 960 வருகிறது. செஸ்960 என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

ஃபிஷரின் பங்களிப்பில் மிக நுட்பமானது கோட்டை கட்டும் விதி, அதாவது ராஜாவையும் ஒரு யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் விதி, என்பது என் கருத்து. ராஜாவும் யானையும் எங்கிருந்து புறப்பட்டாலும், கோட்டை கட்டி முடிந்தபின் வழக்கமான சதுரங்கத்தில் நிற்கும் அதே கட்டங்களில்தான் நிற்கும்: ஒரு பக்கம் ராஜா ஜி, யானை எஃப், மறுபக்கம் ராஜா சி, யானை டி. மேலே நாம் அமைத்த வரிசையில் யானை முன்பே எஃப் கட்டத்தில் இருப்பதால், குதிரைகள் இரண்டும் வெளியேறியபின் ராஜா மட்டும் டியிலிருந்து யானையைத் தாண்டி ஜிக்குச் செல்லும். யானை நின்ற இடத்திலேயே நிற்கும். முதலில் பார்ப்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆயினும் தாறுமாறாகத் தொடங்கும் ஆட்டம் பதினைந்து இருபது நகர்வுகளுக்குள் தேர்ந்த ஆட்டக்காரருக்குப் பழகிய தோற்றத்தைப் பெறுவதற்கு இந்த விதி பெரிதும் உதவுகிறது. வழக்கமான வரிசையும் 960இல் ஒன்றாக, 518ஆம் எண்ணாக, இடம்பெறுகிறது. அங்கே இந்த விதி பழைய விதியோடு அப்படியே பொருந்திவிடுகிறது.

முதல் போட்டி 1996ஆம் ஆண்டிலேயே யூகோஸ்லாவியாவின் வொய்வொதினா பகுதியில் நடந்தது. ஹங்கேரியின் பீட்டர் லேகோ 11 சுற்றுகளில் 9.5 புள்ளிகள் எடுத்து வென்றார். 2001இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரச் சதுரங்க விழாவில் அவரே இங்கிலாந்தின் மைக்கேல் ஆடம்ஸை 4.5–3.5 என்று வீழ்த்தி இம்முறையின் முதல் சாம்பியன் ஆனார். இருவரும் அன்றைய உலகத் தரவரிசையின் உச்சியில் இருந்தவர்கள். எனினும் தகுதிச்சுற்று எதுவும் இன்றி அழைக்கப்பட்டவர்கள் என்பதால் அந்தப் பட்டத்தில் ஒரு குறை இருக்கவே செய்தது.

அந்தக் குறையை மைன்ஸ் அமைப்பாளர்கள் அடுத்த ஆண்டே நீக்கினார்கள். 2002இல் யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஓபன் போட்டியைத் தொடங்கி, அதில் வெல்பவர் மறு ஆண்டு சாம்பியனை எதிர்கொள்ளும் வழியைத் திறந்தார்கள். 131 பேர் ஆடிய முதல் ஓபனில் ரஷ்யாவின் பீட்டர் ஸ்விட்லர் வென்று, 2003இல் லேகோவிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். அந்த ஆண்டு ஓபனில் கலந்துகொண்ட 179 பேரில் 50 பேர் கிராண்ட்மாஸ்டர்கள்; வென்றவர் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன். 2004இல் ஸ்விட்லர் அவரைத் தடுத்துவிட்டார். 2001, 2003, 2004 ஆகிய மூன்று பட்டப்போட்டிகளும் 4.5–3.5 என ஒரே புள்ளி வித்தியாசத்தில் முடிந்தன. குலுக்கலால் இது சூதாட்டமாகிவிடும் என்று அஞ்சியவர்களுக்கு, ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே பெயர்கள் உச்சிக்கு வந்ததே போதிய பதில்.

2005 ஓபனை மீண்டும் வென்ற அரோனியன் 2006இல் ஸ்விட்லரை 5–3 என்று வீழ்த்திப் பட்டத்தைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு அவரை எதிர்த்து இறுதிக்கு வந்தவர் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த். நான்கு ஆட்டங்கள் 2–2 எனச் சமனில் முடிய, சமனை முறிக்கும் டைபிரேக் ஆட்டங்களில் ஆனந்த் பட்டத்தை நழுவவிட்டார். 2008இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இம்முறையைத் தன் விதிநூலின் பின்னிணைப்பில் சேர்த்தது. 2009இல் அமெரிக்காவின் ஹிகாரு நகமுரா அரோனியனை 3.5–0.5 என்று வென்றதே மைன்ஸில் நடந்த கடைசிப் பட்டப்போட்டி. ஃபிடேயே முன்னின்று இம்முறையில் உலக சாம்பியன் பட்டத்துக்குப் போட்டி நடத்தியது 2019இல்தான்.