பாராட்டினாலும் மனசு ஏன் ஏற்பதில்லை?

"நான் எதுக்குமே லாயக்கில்லை" என்று சிகிச்சைக்கு வந்து என்னிடம் சொல்பவர்களில் பலருக்கு வேலை, குடும்பம் எல்லாம் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அவர்களைப் பற்றிய தீர்ப்பு சின்ன வயதிலேயே முடிந்திருக்கும். சித்தி மகளின் மார்க்கோடு ஒப்பிட்டோ, நிறத்தைச் சொல்லியோ, "உனக்கெல்லாம் இது வராது" என்று யாரோ சொன்னதிலோ அது தொடங்கியிருக்கும்.

தேற்றுவதற்காக வீட்டில் பாராட்டுவார்கள். "நான் அன்புக்குரியவள்" என்று தினமும் கண்ணாடி முன் சொல்லிப் பார்ப்பவர்களும் உண்டு. கனடாவில் உளவியலாளர் ஜோஆன் வுட்டும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்களில் இப்படித் திரும்பத் திரும்பச் சொன்னவர்களின் மனநிலை, சொல்லாதவர்களைவிடச் சோர்ந்துபோனது. நம்பாத ஒன்றைச் சொன்னால் மனம் உடனே எதிர்வாதம் செய்யத்தான் செய்யும்.

அதனால் சிகிச்சையில் நாங்கள் புகழ்வதில்லை, சோதித்துப் பார்க்கிறோம். பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் மெலனி ஃபெனல் 1997இல் விளக்கிய முறையைத்தான் நானும் பெரிதும் பின்பற்றுகிறேன். அதில் இரண்டு விஷயங்களைப் பார்ப்போம். "நான் போதாதவள்" என்ற அடிப்படை நம்பிக்கை ஒன்று. அது வெளியே தெரியாமல் இருக்க நாமே போட்டுக்கொண்ட விதிகள் இன்னொன்று. "ஒரு தப்புகூட வரக் கூடாது" என்பது நான் அடிக்கடி கேட்கும் விதி.

ஒரு உதாரணம், பலரிடம் பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறேன். ஒருவர் அலுவலக மெயிலை ஏழெட்டு தடவை படித்துவிட்டுத்தான் அனுப்புவார். அடுத்த மெயிலை ஒரே தடவை படித்து அனுப்பச் சொல்வோம். அதற்கு முன் நோட்டில் எழுத வேண்டும்: "தப்பு இருக்கும், மேனேஜர் கூப்பிட்டுத் திட்டுவார். இப்படித்தான் நடக்கும் என்ற நம்பிக்கை 90 சதவீதம்." மேனேஜரிடமிருந்து "ஓகே" என்று பதில் வரும். சரி, நிம்மதியா? இல்லை. "இது சாதாரண மெயில், அதான்" என்று மனம் தள்ளுபடி செய்யும். அந்தத் தள்ளுபடியையும் எழுதச் சொல்வேன். என் அனுபவத்தில் மாற்றம் தொடங்குவது இங்கேதான். தனக்குச் சாதகமான எல்லாவற்றையும் இப்படியே ஒதுக்கி வந்திருப்பதை அவரே தன் கையெழுத்தில் பார்க்கிறார்.

இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். இடையில் பழைய எண்ணம் திரும்பவும் வரும், பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டில் இன்றும் அடியும் அவமானமும் நடந்தால், எண்ணத்தை மாற்றுவது முதல் வேலை அல்ல, முதலில் பாதுகாப்பு. தூக்கம், பசி கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரையும் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அத்தனை நாள் காத்திருக்காதீர்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.