கத்திப் பிடிக்கு எண்ணெய் பூசிய துணியை எங்கே போட்டீர்கள்?

மரப் பிடி பிசுபிசுக்கிறது என்று என்னிடம் வரும் கத்திகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். காயாத எண்ணெயைப் பூசியிருப்பார்கள், இல்லையென்றால் காயும் எண்ணெயைத் தாராளமாகப் பூசிவிட்டுத் துடைக்காமல் விட்டிருப்பார்கள்.

இந்த எண்ணெய்கள் காய்வது ஆவியாகி அல்ல. ஆளி விதை, டங் (டங் மரக் கொட்டையில் எடுப்பது), வால்நட் எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகும். ஆலிவ் எண்ணெய் அப்படி இறுகாது, நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) கெடாது, ஆனால் அதுவும் இறுகாது என்பதால் கழுவக் கழுவப் போய்க்கொண்டே இருக்கும். கடையில் 'பாயில்டு' (காய்ச்சியது) என்று விற்கும் ஆளி விதை எண்ணெயில் பெரும்பாலும் சீக்கிரம் காய்வதற்காக கோபால்ட், மாங்கனீஸ் உப்புகள் கலந்திருப்பார்கள். சமையல் கத்திக்கு நான் அதைத் தொடுவதில்லை, சுத்தமான டங் எண்ணெய்தான்.

முதலில் கத்தியின் அலகை டேப் சுற்றி மூடிவிடுங்கள். உப்புத்தாள் எண் 120-இல் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்) தொடங்கி 220, 320 என்று, மர இழை ஓடும் திசையிலேயே தேய்த்து, அப்புறம் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் அமுங்கியிருந்த நாரெல்லாம் எழும்பி நிற்கும், அதை 320-ஆல் லேசாகத் தட்டிவிட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு கழுவினதும் பிடி சொரசொரக்கிறது என்கிறார்கள். எண்ணெயைப் பூசி 15, 20 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். முழுக்க என்றால் விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. கடைசிப் பூச்சில் 400 தாளை எண்ணெயிலேயே நனைத்துத் தேய்த்தால், எழும் மரத்தூள் குழைவு நுண்துளைகளை அடைத்துவிடும். அதைத் துடைத்துக் காயவைத்து, மென்மையான உலர்ந்த துணியால் தேய்த்தால் பட்டுப் போன்ற மெருகு வரும். அதற்கு மேல் பளபளப்பு எதற்கு, ஈரக் கையில் வழுக்கத்தான் செய்யும். ஈட்டி மரம் மாதிரி இயல்பிலேயே எண்ணெய்ப் பசை உள்ள மரங்களில் பூச்சு காய மறுக்கும், பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துக்கொள்ளுங்கள்.

சரி, துணிக்கு வருவோம். ஆக்ஸிஜனை இழுக்கும்போது எண்ணெய் வெப்பத்தை வெளிவிடும். பிடியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் வெப்பம் உள்ளேயே சேர்ந்து சேர்ந்து, சில மணி நேரத்தில் நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளலாம். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் இப்படித்தான் பற்றியது: மரப்பலகைகளை மெருகேற்றியவர்கள் 22ஆம் மாடியில் விட்டுப்போன ஆளி விதை எண்ணெய்த் துணிகள். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

வேலை முடிந்ததும் துணியை வெளியே ஒற்றை விரிப்பாகப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள். விரிக்க இடமில்லையா, தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் முக்கி மூடிவிடுங்கள். எண்ணெய் நனைத்துத் தேய்த்த உப்புத்தாளுக்கும் இதுவேதான்.