டிஸ்க் பிரேக்கில் கிரீஸ் நிப்பிளைத் தேடாதீர்கள்

ஐப்பசி மழைக்கு முன் வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டு, அடியில் டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஸ்ப்ரே அடிப்பது நம் பக்கத்து வழக்கம். துரு பிடிக்காதாம். சேசிஸுக்கு அது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. ஏர் டிஸ்க் பிரேக் (காற்றழுத்தத்தில் பேடுகள் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக்) உள்ள கேரவனுக்கு, அதாவது உள்ளேயே தங்கும்படி கட்டிய வண்டிக்கு, அடித்தால் பிரேக் பேட் ஆயிலைக் குடித்துவிடும். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலும் அது தேறாது. அந்த ஆக்சிலில் இரண்டு பக்கமும் புது பேட்தான். இந்த வருஷமும் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமிருந்து ஆயில் சொட்டும் காலிப்பரோடு (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) வண்டிகள் வருகின்றன. கேட்டால் அதே பதில்: "கிரீஸ் நிப்பிள் எங்க இருக்குன்னு தெரியலண்ணே, அதான் எல்லா இடத்துலயும் அடிச்சு விட்டோம்."

டிஸ்க் பிரேக்கில் கிரீஸ் கன்னை மாட்டும் அந்த நிப்பிளே கிடையாது. இருந்தால்தானே தெரியும்!

டிரம் பிரேக்கில் ஸ்லாக் அட்ஜஸ்டருக்கும் கேம் ஷாஃப்டுக்கும் கிரீஸ் கன் பிடித்தே ஆகவேண்டும். அந்தப் பழக்கத்தை டிஸ்க்குக்குக் கொண்டுவராதீர்கள். இங்கே காலிப்பர் இரண்டு கைடு பின்களின் மேல் நகர்கிறது. அவற்றுக்கான கிரீஸை உள்ளே வைத்து, பூட் என்ற ரப்பர் உறையும் மூடியும் போட்டு அடைத்தே கம்பெனியிலிருந்து அனுப்புகிறார்கள். வெளியே எவ்வளவு அப்பினாலும் அது பின்னுக்குப் போய்ச் சேராது. போகிற ஒரே இடம் டிஸ்க்கும் பேடும். ஊசியால் அந்த ரப்பர் பூட்டைக் குத்தி கிரீஸ் ஏற்றும் கெட்டிக்காரர்களும் உண்டு. அந்த ஓட்டை வழியாகச் செம்மண் தூசியும் தண்ணீரும் இறங்கி, ஆறே மாதத்தில் கைடு பின் இறுகினாலும் ஆச்சரியமில்லை.

கைடு பின்னைக் கழற்றி முறையாகத்தான் போடுகிறோம் என்பவர்கள் கையிலும் பாதி நேரம் வீல் பேரிங் கிரீஸ் டப்பாதான் இருக்கிறது. சாதாரண மினரல் கிரீஸ் பட்டால் பல பூட்டுகளின் ரப்பர் ஊதிப்போய், உட்கார்ந்த இடத்தை விட்டு நழுவும். கைடு பின் கிட் வாங்கினால் புஷ், பூட், கிரீஸ் பாக்கெட் எல்லாம் சேர்ந்தே வரும். அந்தப் பாக்கெட்டில் இருப்பதுதான் அளவு. கூடுதலாகத் திணித்தால் பின்னின் முனையில் கிரீஸ் அடைத்துக்கொண்டு காலிப்பரை நகரவிடாது. காற்றழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் சேம்பரின் புஷ் ராடு உட்காரும் லீவர் குழிக்கும் வெள்ளை கிரீஸ்தான். நார்-பிரெம்சே, பென்டிக்ஸ் கம்பெனி வகைக் காலிப்பர்களில் மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் அங்கே கூடவே கூடாது.

(வேனில் கட்டிய சிறிய கேரவன்களுக்கு ஆயில் பிரேக். இங்கே சொல்வது பஸ் சேசிஸில் கட்டிய, ஏர் டிஸ்க் உள்ள வண்டிக்கு மட்டும்.)

கேரவனுக்கு உண்மையான எதிரி நிற்பதுதான். தைப்பூசத்துக்குப் பழனி நடைக்குப் பின்னால் போய்வந்த வண்டி, அடுத்த விசேஷம் வரை வீட்டுப் பின்கட்டில் அசையாமல் கிடக்கும். ராமேஸ்வரம் உப்புக்காற்றில் போய்வந்து கழுவாமல் நிறுத்தினால் இன்னும் மோசம். பேட் எவ்வளவு கனமாக இருந்தாலும் கைடு பின் இறுகியிருந்தால் பிரயோஜனமில்லை. உள்பேட் நன்றாகத் தேய்ந்து வெளிபேட் அப்படியே இருந்தால் காலிப்பர் நகரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்காமல் புது பேட் மட்டும் மாட்டுவது காசைக் கரியாக்கும் வேலை.

பார்க்கும் முறை இது. சமதரையில் நிறுத்தி, வீல்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஏர் முழுதாக ஏறியபின் ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். விடாவிட்டால் பின்வீல் காலிப்பர் அசையவே அசையாது. வீலைக் கழற்றி, காலிப்பரைக் கையால் உள்ளும் வெளியும் தள்ளுங்கள். மேலே சொன்ன நார்-பிரெம்சே, பென்டிக்ஸ் வகைகளில் 0.6 முதல் 1.1 மி.மீ. வரை ஆட வேண்டும். பிறகு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் மூடியைத் திறந்து ரிங் ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருப்புங்கள். கிளிக் கிளிக்கென்று சத்தம் கேட்கும். இதற்கு ஏர் கன்னை எடுக்காதீர்கள், தயவுசெய்து. அட்ஜஸ்டரின் தலையில் இருக்கும் ஷியர் அடாப்டர் அளவுக்கு மீறி முறுக்கினால் உடைவதற்கென்றே செய்தது. பேடுகளை எடுத்தபின் காலிப்பர் கைபலத்திலேயே 25 மி.மீ.க்கு மேல் வழுக்கிப் போய்வர வேண்டும். சுத்தியல் கேட்டால் கைடு பின் கிட் மாற்றுங்கள். பேடைத் தள்ளும் டேப்பெட்டின் பூட் கிழிந்து உள்ளே துரு தெரிந்தால் காலிப்பரையே மாற்ற வேண்டும். பேடின் லைனிங் 2 மி.மீ.க்கு வந்துவிட்டால் பேச்சே இல்லை, மாற்றுங்கள். டிஸ்க்கில் வலைபோல மெல்லிய கோடுகள் இருக்கலாம். உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை ஓடும் விரிசல் இருந்தால் அந்த டிஸ்க்கோடு வண்டியை எடுக்காதீர்கள்.

எல்லாம் மாட்டிய பின் அட்ஜஸ்டரை மூன்று கிளிக் பின்னால் தள்ளி, ஸ்பேனரை அதிலேயே விட்டு, 2 பார் அழுத்தத்தில் ஐந்து முதல் பத்து முறை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஸ்பேனர் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்ந்தால் அட்ஜஸ்டர் உயிரோடு இருக்கிறது. மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

நிற்கும் வண்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்து, குன்றக்குடி வரையாவது போய், நாலைந்து இடத்தில் நன்றாக பிரேக் பிடித்துத் திரும்புங்கள். வந்ததும் ஏர் டேங்க் தண்ணீரைத் திறந்து விடுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் சமதரையில் கட்டை கொடுத்து, ஏர் இருக்கும்போதே பின்வீல் சேம்பரின் கேஜிங் போல்ட்டை (ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் போல்ட்) போட்டு பிரேக்கை விடுவித்து வைக்கலாம். டிஸ்க்கும் பேடும் ஒட்டாது. எடுக்கும்போது அதை மறுபடி கழற்றினால்தான் ஹேண்ட் பிரேக் வேலை செய்யும் என்று ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு கட்டுங்கள். வாட்டர் சர்வீஸில் ஜெட்டை பூட் மேல் நேராகப் பிடிக்க விடாதீர்கள். கொடைக்கானல் இறங்கி வந்து சூடாக இருக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

கடைசியாக, பின்வீல் சேம்பரின் கிளாம்ப் வளையத்தை எந்தக் காரணத்துக்காகவும் நீங்களே கழற்றாதீர்கள். உள்ளே முழு வண்டியையும் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கிறது. வெளியே பாய்ந்தால் ஆளையே கொன்றுவிடும். சேம்பர் லீக் என்றால் முழுசாக மாற்றுங்கள்.