மார்கழிப் பனி மேலிருந்து விழுவதில்லை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மார்கழியில் செடி குளிரால் சாவதில்லை. விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். கத்தரிக்கும் பீர்க்கனுக்கும் அது ஒரு குளிரே இல்லை. பந்தலைக் கெடுப்பது விடிந்தும் காயாமல் இலையில் நிற்கும் ஈரம்.

‘பனி பெய்யுது’ என்கிறோம். உண்மையில் அது இலையிலேயே உண்டாகிறது. மேகமில்லாத இரவில் இலை தன் சூட்டைக் கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மெல்லிய இலையில் இருப்புச் சூடு கிடையாது. சுற்றியுள்ள காற்றைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுப்போன ஈரக்காற்று அதில் பட்டதும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பு வெளியே வியர்ப்பதுபோல நீர் கோத்துக்கொள்ளும். லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-லேயே இதை விளக்கிவிட்டார்.

நம் வீட்டிலேயே பார்க்கலாம். இரவில் ஒரு கண்ணாடித் தட்டை முற்றத்தின் நடுவிலும், இன்னொன்றைத் தாழ்வாரத்து ஓட்டுக்கு அடியிலும் வையுங்கள். காலையில் முற்றத்துத் தட்டில் முத்து முத்தாக நீர் நிற்கும். தாழ்வாரத்துத் தட்டு காய்ந்திருக்கும். இரண்டையும் தொட்டது ஒரே காற்றுதான். ஒன்றுக்கு வானம் தெரிந்தது, மற்றதற்குத் தெரியவில்லை.

ஆகவே செடிக்கு வேண்டியது போர்வை அல்ல, கூரை. இலைக்கு ஒன்றரை அடி மேலே பழைய வேட்டியையோ தென்னங்கீற்றையோ மாலை 6 மணிக்குக் கட்டி, வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். பாலிதீன் போட்டு நாலு பக்கமும் அடைத்தால் மண்ணின் ஆவி உள்ளேயே தங்கிச் சொட்டும். மூடாமல் விட்டதைவிட அது மோசம்.

பாகல், பீர்க்கன், வெள்ளரியைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு இந்த ஈரம்தான் வாசல். பூசண வித்து முளைத்து உள்ளே நுழைய இலையில் சில மணி நேரம் நீர் நின்றாக வேண்டும். இலையின் மேலே நரம்புகளுக்கிடையில் கட்டம் கட்டமாக மஞ்சள் தெரியும். காலையில் திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூசணம். மேற்புறம் வெள்ளை மாவு தூவியதுபோல இருந்தால் அது வேறு, சாம்பல் நோய். அதற்கு இலை நனையவே வேண்டாம், ஈரக்காற்று போதும். ஆரம்பத்திலேயே ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறை காலை வெயிலில் தெளித்தால் அடங்கும். அடிச்சாம்பலுக்குப் பாலை நம்ப வேண்டாம். நோய் கண்ட இலையைக் கிள்ளி அப்புறப்படுத்தி, நெருங்கிய கொடியைக் கலைத்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

மாலையில் தண்ணீர் ஊற்றுவது கோடைப் பழக்கம். இப்போது காலையில், தூரில் மட்டும். நம் செம்மண் சீக்கிரம் வடிந்துவிடும் என்றாலும் இரண்டு அங்குலம் விரல் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

நடுவில் முற்றம் வைத்த வளவு வீடுகளின் உயர்ந்த சுவரையும் கவனிக்க வேண்டும். கிழக்குச் சுவரை ஒட்டிய தொட்டிக்கு வெயில் வர நேரமாகும், அதுவரை பனி காயாது. மார்கழிச் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் முதல் வெயில் முற்றத்தின் வடமேற்கு மூலையில் விழும். தொட்டிகளை அங்கே நகர்த்துங்கள்.

கொடி அவரைக்கு மட்டும் இது கொண்டாட்டக் காலம். பகல் குறுகினால்தான் அது பூக்கும். இரவெல்லாம் எரியும் வாசல் விளக்கின் கீழ் வைத்தால் பூ தள்ளிப்போகும். நுனியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து அடிக்கலாம். பிற்பகல் 4 மணிக்குள் அடித்துவிட்டால் பனி பிடிக்கும் முன்னே இலை உலர்ந்துவிடும்.