மழையில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு: ஜாக்கெட்டுக்கு முன் சாக்ஸைப் பாருங்கள்

வேட்டைப் பருவமும் மழையும் சேர்ந்து வரும் மாதங்களில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரே மாதிரியான ஆட்கள் வருவார்கள். பாதம் மரத்திருக்கும், விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருக்கும். தரையில் காலை வைத்தால் பஞ்சில் வைப்பது போல இருக்கிறது என்பார்கள். போட்டிருக்கும் ஜாக்கெட் நல்ல விலை கொடுத்து வாங்கியதாகத்தான் இருக்கும். பூட்ஸும் அப்படியே. "சொட்டுத் தண்ணி உள்ளே போகாதுன்னு சொல்லித்தானே டாக்டர் வாங்கினேன்" என்று கேட்பவர்கள் உண்டு. மழைத் தண்ணீர் போயிருக்காது, சரி. காலில் சுரந்த வியர்வை எங்கே போகும்?

உரிமம் எடுத்து, அனுமதித்த பருவத்தில், மலையும் சேறுமான காட்டில் சில நாட்கள் தங்கி வேட்டையாடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது உடம்புச் சூடும் பாதங்களும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பல நாள் மழையில் யாராலும் நனையாமல் இருக்க முடியாது. கழுத்து வழியாக நுழையும், கை மடிப்பு வழியாக ஏறும், உள்ளிருந்து வியர்வையாக வரும். ஆகவே ஒவ்வொரு துணியையும் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, நனைந்த பிறகு இது என்ன செய்யும் என்பதுதான். ஈரத்திலும் சூட்டைப் பிடித்து வைக்குமா, சீக்கிரம் காயுமா?

தண்ணீர், அசையாத காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடம்பின் உள் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினாலே அதை ஹைப்போதெர்மியா என்கிறோம். இதற்குப் பனிப்பொழிவெல்லாம் தேவையில்லை. 10 டிகிரியில் தூறலும் காற்றும் நனைந்த சட்டையும் சேர்ந்தால் போதும். பனிக் காலத்தில் எல்லோரும் எச்சரிக்கையாகத்தான் கிளம்புகிறார்கள். இந்தக் குளிரா மழையா என்று சொல்ல முடியாத வானிலையில்தான் அலட்சியம் வருகிறது.

வேட்டைக்காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலையேறுபவர் நடந்துகொண்டே இருப்பார், சூடும் இருந்துகொண்டே இருக்கும். வேட்டைக்குப் போனவரோ சுமையோடு செங்குத்தாக ஏறி வியர்த்து நனைவார். பிறகு ஒரு பாறை ஓரத்தில் பைனாகுலரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஏறும்போது ஊறிய வியர்வை, உட்கார்ந்த பிறகு அவருடைய சூட்டை உறிஞ்சத் தொடங்கும். அதனால் நடைப்பயணக் கடைகளில் சொல்லும் ஆலோசனை இவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

சரி, உடம்போடு ஒட்டிய துணியிலிருந்து வருவோம். பருத்தி வேண்டாம். பனியன், ஜட்டி, ஜீன்ஸ் எதிலும் வேண்டாம். பருத்தி தண்ணீரை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும், காய்வதற்கு நேரம் எடுக்கும், ஈரமானால் இழைகள் படிந்துபோய்த் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளாடையை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு, அடியில் பருத்தி ஜட்டியோடு போய்த் தொடை இடுக்கில் தோல் உரிந்து வருபவர்கள் ஏராளம்.

மெரினோ என்ற ஆட்டு வகையின் மெல்லிய கம்பளிதான் என் தேர்வு. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். ஈரத்தை உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். நாள் கணக்கில் போட்டாலும் அவ்வளவாக நாறாது. மூக்குக் கூர்மையான விலங்கைத் தேடிப் போகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. பாலியஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீதம் ஈரத்தைக்கூட உள்ளே வாங்காது. அதனால் கம்பளியைவிட வேகமாகக் காயும், விலையும் குறைவு, நாற்றம் மட்டும் சீக்கிரம் ஏறிவிடும். இரண்டில் எது கிடைத்தாலும் போடலாம்.

அதற்கு மேல் ஃபிளீஸ் அல்லது தடித்த கம்பளி ஸ்வெட்டர். இறகு நிரப்பிய ஜாக்கெட் எடை குறைவு, நல்ல சூடு, ஆனால் சாதாரண இறகு நனைந்தால் கட்டிதட்டிச் சூடு பிடிக்கும் தன்மையை இழந்துவிடும். மழைப் பயணத்துக்குச் செயற்கை இழை நிரப்பியதே பாதுகாப்பு. அதை நடக்கும்போது போடாதீர்கள், தண்ணீர் புகாத பையில் வைத்திருங்கள். உட்கார்ந்தவுடனே, குளிரும் முன்பே, எடுத்துப் போடுங்கள். குளிர்ந்த பிறகு போட்டால் அது குளிரைத்தான் காப்பாற்றும்.

மேல் ஜாக்கெட்டைப் பற்றித்தான் கடைக்காரர்கள் அதிகம் பேசுவார்கள். 1969-இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்து நீட்டியபோது, நுண்துளைகள் நிறைந்த படலம் ஒன்று கிடைத்தது. மழை ஜாக்கெட்டுகளிலும் பூட்ஸிலும் வைக்கும் கோர்-டெக்ஸ் என்ற படலம் அதிலிருந்து வந்ததுதான். நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் நுழையக்கூடிய துளைகள் அவை. தத்துவம் சரிதான், ஆனால் நடைமுறையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆவி வெளியேற உள்ளுக்கும் வெளிக்கும் ஈரப்பத வித்தியாசம் வேண்டும்; வெதுவெதுப்பான அடைமழையில் அது மிகக் குறைவு. இரண்டு, ஜாக்கெட்டின் மேல் துணியில் பூசியிருக்கும் நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்தால் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். படலம் நன்றாகவே இருந்தாலும் வியர்வை வெளியே போக வழியில்லை. 'ஜாக்கெட் ஒழுகுகிறது' என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு ஒழுகுவது மழையே இல்லை, அவர்களுடைய வியர்வைதான்.

துவைத்து, லேபிளில் அனுமதி இருந்தால் மிதமான சூட்டில் உலர்த்தினால், பூச்சு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யும். சாதாரண சலவைத்தூள் வேண்டாம். அதன் மிச்சம் துணியில் தங்கித் தண்ணீரை இழுக்கும். அதிலுள்ள வெண்மையூட்டிகள் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். மான்களின் கண் அந்த நீலப் பக்கத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தை நம்மைப் போல அவற்றால் பிரித்தறிய முடியாது. எனவே விதி கட்டாயப்படுத்துகிறதோ இல்லையோ, ஆரஞ்சு மேலங்கி போடுங்கள். மான் ஓடிவிடும் என்று அதைப் பைக்குள் வைத்திருப்பவர்களை எனக்குப் புரியவே இல்லை. மழை மங்கலில் இன்னொரு வேட்டைக்காரரின் குறியில் மானாகத் தெரிவது அவர்கள்தான்.

கடினமான மழை ஜாக்கெட் நடக்கும்போது சரசரக்கும், புதரில் உரசினால் இன்னும் சத்தம் போடும். தூறலுக்கெல்லாம் அதை மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஏறும்போது ஒரு துணியைக் கழற்றிவிட்டு, லேசாகக் குளிரும் நிலையிலேயே கிளம்புங்கள். அக்குள் பக்கம் ஜிப் வைத்த ஜாக்கெட் கிடைத்தால், துணி வியர்வை ஆவியை எவ்வளவு வெளிவிடும் என்று லேபிளில் போடும் எண்களைவிட அந்த ஜிப்பை நம்பலாம்.

இப்போது பூட்ஸ். நான் பார்க்கும் தொந்தரவில் பெரும்பகுதி இங்கேதான்.

1911 வாக்கில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த லியோன் லியோன்வுட் பீன் வேட்டைக்குப் போய்க் கால் நனைந்து திரும்பினார். கீழே ரப்பர், மேலே தோல் என்று இரண்டையும் சேர்த்துத் தைத்து ஒரு பூட்ஸ் செய்தார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 திரும்பி வந்துவிட்டன. தோலும் ரப்பரும் சேரும் தையலில் பிய்ந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செய்முறையைத் திருத்தினார். இன்று வாங்கும் பூட்ஸிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்: இரண்டு பொருள் சேரும் கோடு, கால் மடங்கும் இடத்திலுள்ள தையல். மடிப்பில் தையல் குறைவாக இருக்கிற பூட்ஸ் நீண்ட நாள் தாங்கும்.

சதுப்பு நிலம், அதிகம் ஏற்றமில்லை என்றால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போதும். தண்ணீர் உள்ளே வராது, வியர்வையும் வெளியே போகாது. அதனால் நடுப்பகலில் கழற்றி சாக்ஸை மாற்றத் தெரிந்தவருக்கு மட்டும் அது பொருந்தும். பாறையும் செங்குத்துமான இடத்தில் ரப்பர் பூட்ஸ் கணுக்காலைப் பிடிக்காது, அங்கே தடித்த தோல் பூட்ஸ்தான். அதில் படலம் வைத்ததா, வைக்காததா என்று கேட்பார்கள். ஒரு நாள் இரண்டு நாள் பயணத்துக்குப் படலம் வைத்தது நல்லது. ஒரு வாரம் ஆற்றைக் கடந்து கடந்து போவதென்றால், மேல் வழியாக ஒருமுறை தண்ணீர் புகுந்துவிட்டால் படலம் வைத்த பூட்ஸ் காயவே காயாது. அப்படிப்பட்ட இடத்துக்குப் படலமில்லாத, சீக்கிரம் வடியும் பூட்ஸையே சொல்வேன். இதை ஏற்காத அனுபவசாலிகளும் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

அடிப்பாகம் ஆழமான வரிகளோடு, கையால் முறுக்கினால் எளிதில் முறுகாததாக இருக்க வேண்டும். இறைச்சியைச் சுமந்து திரும்பும்போது உங்கள் எடை கூடியிருக்கும், மெத்தென்ற அடி அப்போது பாதத்தைக் கைவிட்டுவிடும். அதற்காகக் கனமான பூட்ஸைத் தேடிப் போகவும் வேண்டாம். காலில் கூடும் ஒரு கிலோ, முதுகில் ஐந்து கிலோ சுமப்பதற்குச் சமமான உழைப்பைக் கேட்கும்.

மாலையில் போய் வாங்குங்கள். அந்த நேரத்தில் பாதம் வீங்கியிருக்கும். காட்டில் போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து, சரிவில் இறங்குவது போல நின்று விரல் முன்னால் இடிக்கிறதா என்று பாருங்கள். குளிருக்குப் பயந்து மூன்று சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் நெரிபட்டு இன்னும் குளிரும். ஒரு மெல்லியது, ஒரு கம்பளி, அவ்வளவுதான்.

பல வருடம் பெட்டியில் கிடந்த பூட்ஸை அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். நிறைய பூட்ஸின் நடு அடுக்கு பாலியூரிதேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரத்தாலேயே அது உள்ளுக்குள் சிதையும். வெளியே புத்தம் புதிதாகத் தெரியும், காட்டில் இரண்டாம் நாள் அடிப்பாகம் முழுசாகக் கழன்று வரும்.

பூட்ஸின் மேல் பகுதியையும் பேன்ட்டின் கீழ்ப் பகுதியையும் சேர்த்து மூடும் கெய்ட்டர் என்ற கால் உறையைக் கட்டுங்கள். ஈரப் புல்லில் நடந்தால் பேன்ட் வழியாக வழிந்து சாக்ஸுக்குள் இறங்கும் தண்ணீரை எந்த வாட்டர்ப்ரூஃப் பூட்ஸும் தடுக்காது.

இவ்வளவு செய்தும் கால் நனையும். அப்போது காப்பாற்றுவது சாக்ஸ் மாற்றும் பழக்கம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் ஈரத்தில் நின்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் பாதத்தை இழந்தும் முடமாகியும் போனார்கள். ட்ரெஞ்ச் ஃபுட், அதாவது பதுங்குகுழிப் பாதம், என்ற பெயர் அப்போது வந்தது. உறைய வைக்கும் குளிர் இதற்கு வேண்டியதில்லை. 15 டிகிரியிலும் வரும், ஒரு நாள் ஈரத்தில் கிடந்தாலும் வரலாம். ராணுவம் கண்ட தீர்வில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை: தினமும் பூட்ஸைக் கழற்று, காலைத் துடை, உலர்ந்த சாக்ஸ் போடு, அதிகாரி வந்து பாதங்களைப் பார்ப்பார்.

பகலுக்கு இரண்டு மூன்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸும் ஒரு உள்ளுடுப்பும் இரவுக்கு மட்டும். தண்ணீர் புகாத பையில் கட்டி, என்ன ஆனாலும் பகலில் தொடக்கூடாது. காலையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு நேற்றைய ஈர சாக்ஸையே மறுபடி மாட்ட வேண்டியிருக்கும். மனசே வராது. ஆனால் பாதம் இரவு முழுக்க உலர்ந்து கிடந்தால்தான் மறுநாள் ஈரத்தைத் தாங்கும். பூட்ஸை நெருப்பருகே வைத்துக் காயவைக்க வேண்டாம், தோல் வெடிக்கும், பசை விடும். உள் அட்டையை எடுத்துவிட்டு நாளிதழைக் கசக்கித் திணித்து மாற்றிக்கொண்டே இருங்கள்.

கைக்கு இரண்டு ஜோடி கையுறை வேண்டும். மரத்த விரல் ட்ரிக்கரின் அழுத்தத்தை உணராது, அதனால் விரலில் உணர்வு திரும்பும் வரை துப்பாக்கியைக் காலி செய்து வையுங்கள். தலை வழியாகப் பாதிச் சூடு போய்விடும் என்பது கட்டுக்கதை, தலையும் மற்ற இடங்களைப் போலத்தான். தொப்பி வேண்டும், அதைப் போட்டதால் மற்றதில் அசட்டை வேண்டாம்.

உடை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கூட வந்தவரைக் கவனியுங்கள். குளிர் மூளையைப் பிடித்த ஆளுக்குத் தனக்கு என்ன ஆகிறது என்று தெரியாது. காரணமில்லாமல் எரிச்சல்படுவார், நாக்கு குழறும், ஜிப் போட வராது, காலை இழுத்து நடப்பார். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 32 டிகிரிக்குக் கீழே போகும்போது நடுக்கம் தானாக நிற்கும், நிலைமை மோசமாகிறது என்று பொருள். காற்றிலிருந்து மறைத்து, ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைச் சுற்றி, தெளிவாக விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுத்து, உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். மது வேண்டாம். அது தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உள்சூட்டை வெளியேற்றும்.

பாதம் மரத்து வெளுத்திருந்தால் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. உணர்வில்லாத தோல் வெந்தாலும் தெரியாது. துடைத்து, உலர்ந்த சாக்ஸ் போட்டு, உயர்த்தி வையுங்கள். சூடு திரும்பும்போது சிவந்து வீங்கி எரியும், சில மணி நேரம் நடக்கவே முடியாமல் போகலாம், அதற்கு ஏற்றபடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீடு வந்த பிறகும் மரப்போ எரிச்சலோ போகவில்லை என்றால், கொப்புளமோ கருமையோ தெரிந்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் எத்தனை மணி நேரம் ஈரத்தில் இருந்தது, இடையில் எப்போதெல்லாம் உலர்த்தினீர்கள் என்று சொன்னால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும்.